படுக்கை வேறு, ஓய்வு வேறு

(புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் முதியோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்)



நம் இல்லங்களில் மூத்தவர் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் உறுதிசெய்த அன்றே வீட்டின் நடைமுறை முழுதும் மாறிவிடுகிறது. காற்றோட்டமான அறையில் அவருக்கெனக் கட்டில் போடப்படுகிறது. மருமகள் குடிநீரையும் மருந்தையும் கட்டிலருகே கொண்டுவந்து வைக்கிறார். பேரன் உணவுத் தட்டை ஏந்தி வருகிறான். அவர் கால் தரையில் பட்டாலே, "நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? எது வேண்டுமானாலும் எங்களைக் கூப்பிடக் கூடாதா?" என்று குரல் எழுகிறது. இவையனைத்தும் அன்பின் செயல்களே, ஐயமில்லை. ஆயினும் இந்த அன்பு ஒரு செய்தியை அறியாமல் செயற்படுகிறது. சிகிச்சை பெறும் முதியவருக்கு ஓய்வு இன்றியமையாதது. படுக்கையோ அவரிடம் எஞ்சியுள்ள வலிமையையும் மெல்ல மெல்ல வாங்கிக்கொள்வது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் தீங்கை விளக்கி, அளவான அசைவையும் முறையான ஓய்வையும் எவ்வாறு கற்பது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியப் பயிற்சி பெற வந்தவர்களுக்கு நாம் முதலில் சொல்லித் தந்தவை இரண்டு நெறிகள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஒன்று. எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்க என்பது மற்றொன்று. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் பயன்பட்ட இவ்விரு நெறிகளே, நோயுற்ற உடலுக்கு மீண்டும் நடை பயிற்றுவதற்கும் பொருந்துவன. ஆகவே பாடங்களாகவே பகுத்துக் காண்போம்.

பாடம் 1: படுக்கை உடலுக்குச் செய்வது யாது?

நம் உடலின் தசைகள் பயன்படுத்தும்வரையே நிலைப்பவை. அகவை அறுபதைக் கடந்தபின் அவை தாமாகவே சிறிது சிறிதாகக் குறைகின்றன. படுக்கை அந்தக் குறைவை விரைவுபடுத்துகிறது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயேதுமில்லாத முதியோர் சிலர் 10 நாள்கள் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். அந்தப் பத்து நாள்களில் அவர்தம் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்துவிட்டது. நலமுற்றவர்க்கே இந்நிலையாயின், புற்றுநோயும் மருந்தும் சேர்ந்து வருத்தும் உடலுக்கு எவ்வளவு இழப்பு ஏற்படும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தசை குறைந்தால் கால் தளர்கிறது. கால் தளர்ந்தால் எழ அச்சம் தோன்றுகிறது. அச்சத்தால் மேலும் படுக்கிறார். படுக்கப் படுக்கச் சோர்வு மிகுகிறது. சோர்வு மிகுந்ததால் இன்னும் ஓய்வு வேண்டும் என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். செக்கு மாடு சுற்றுவதைப் போன்ற சுழற்சி இது.

இச்சுழற்சியால் சிகிச்சைக்கே இடையூறு நேர்வதும் உண்டு. புற்றுநோய் மருத்துவர் ஒவ்வொரு தவணையிலும், "எழுந்து நடமாடுகிறாரா? தாமே குளிக்கிறாரா? பகலில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்?" என்று கேட்பதைக் கண்டிருப்பீர்கள். அது வெறும் நலவிசாரணை அன்று. 1982-இல் வெளியிடப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல் அவர் கையில் உள்ளது. தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுபவர் ஒரு படியில் இருக்கிறார். அந்நேரத்தில் பாதிக்கு மேல் கட்டிலிலோ நாற்காலியிலோ கழிப்பவர் அதற்குக் கீழான படியில் வைக்கப்படுகிறார். இந்தப் படியையும் பார்த்தே மருந்தின் வன்மையையும் அளவையும் மருத்துவர் முடிவு செய்கிறார். உடல் தாங்காது எனத் தோன்றினால் மருந்தைக் குறைக்கவோ தவணையைத் தள்ளிவைக்கவோ நேரிடும். ஆகவே முதியவரைப் படுக்கையிலேயே வைத்துப் பேணுவது, நாம் அறியாமலே அவருடைய சிகிச்சையின் வழியை அடைப்பதாகவும் முடியலாம்.

பாடம் 2: மருத்துவ உலகம் கண்டறிந்தவை

புற்றுநோயாளரை வருத்தும் சோர்வு, உழைத்துக் களைத்தவரின் சோர்வைப் போன்றதன்று. உறங்கி எழுந்தாலும் அது நீங்குவதில்லை. இச்சோர்வைப் போக்க வல்லது எது என்று அறிய, 11,525 பேரை உள்ளடக்கிய 113 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2017-இல் வெளியாயிற்று. உடற்பயிற்சியும், மனத்தைத் தேற்றும் பயிற்சிகளும் மருந்துகளைக் காட்டிலும் இச்சோர்வை நன்கு குறைத்தன என்பது அதன் முடிவு. களைத்தவருக்கு அசைவே மருந்து என்பது முதலில் வியப்பளிக்கும். துரு ஏறிய கதவுக் கீலை அசைத்து அசைத்தே இளக்குகிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும்.

2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று அளவையும் வகுத்துத் தந்தது. மிதமான நடை போன்ற பயிற்சி வாரத்தில் 3 நாள்கள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் 2 நாள்கள். இது சென்றடைய வேண்டிய இலக்கே தவிர, தொடங்கும் இடம் அன்று. 2022-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும், நோயைக் குணமாக்கும் நோக்குடன் சிகிச்சை நடைபெறும் காலத்திலேயே பயிற்சியைப் பரிந்துரைக்கலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டியது.

குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை 2009-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடைபெற்ற ஆய்வு அது. ஒரு சாராருக்கு உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றொரு சாராருக்கு மூன்றாண்டுகள் பயிற்றுநர் உடனிருந்து ஊக்கமளித்தார். எட்டாண்டு முடிவில் கையேடு மட்டும் பெற்றவருள் 100-க்கு 83 பேரும், பயிற்றுநர் துணை பெற்றவருள் 100-க்கு 90 பேரும் உயிர் வாழ்ந்தனர். ஆசிரியப் பணி செய்த நமக்கு இதில் வியப்பில்லை. புத்தகத்தைக் கையில் கொடுப்பது வேறு, அருகிலிருந்து கற்பிப்பது வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணை. சிகிச்சைக்கு மாற்று அன்று. நடந்தே நோயைத் தீர்த்துவிடலாம், மூச்சுப் பயிற்சியால் கட்டியைக் கரைத்துவிடலாம் என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். அவ்வாறு நம்பி மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்துவது உயிருக்கே இழப்பாகும்.

பாடம் 3: தொடங்குமுன் கேட்டறிய வேண்டியவை

அடுத்த தவணைக்குச் செல்லும்போது ஒரு தாளில் கீழ்க்காணும் வினாக்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. இவர் நடக்கலாமா? எவ்வளவு நேரம்? எந்தெந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும்?

2. நோய் எலும்பைத் தொட்டிருக்கிறதா? அவ்வாறாயின் உடலை முறுக்குதல், குனிந்து எடை தூக்குதல் ஆகியவற்றால் எலும்பு முறியக்கூடும். இவருக்குரிய பயிற்சியை வல்லுநரே வகுத்துத் தர வேண்டும்.

3. இரத்தப் பரிசோதனையில் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகியவற்றின் அளவு எவ்வாறுள்ளது? தட்டணு மிகக் குறைந்திருந்தால் சிறு அடியும் இரத்தக் கசிவை உண்டாக்கும். வெள்ளணு குறைந்திருந்தால் தொற்று எளிதில் பற்றும்.

4. இதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கு உட்கொள்ளும் மருந்துகளால் பயிற்சியின்போது மயக்கம் வருமா?

5. பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளதா? சில கீமோதெரபி மருந்துகள் நரம்புகளைத் தாக்கி இவ்வுணர்வைத் தரும். சர்க்கரை நோயும் உடனிருந்தால் விழும் அபாயம் மேலும் கூடும்.

கோவையின் பெரிய மருத்துவமனைகளிலும், 1966-இல் தொடங்கப்பெற்ற கோவை அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையிலும் இயன்முறை மருத்துவப் பிரிவு உண்டு. நாம் பிசியோதெரபி என்று வழங்குவது இதனையே. புற்றுநோய்ப் பிரிவுக்குச் செல்லும் நாளிலேயே அப்பிரிவுக்கும் ஒரு சீட்டு எழுதித் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். கேட்காவிடின் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க இயலாதவரின் இல்லத்திற்கே இயன்முறை மருத்துவர் வரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. சிற்றூர்களில் வாழ்வோர் தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம்.

பாடம் 4: அசைவு பயிலும் முறை

எளிமையிலிருந்து தொடங்குவோம். கைப்பிடியுள்ள கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், அது வேண்டா.

முதற்படி, அமர்ந்த நிலையில் செய்பவை. பாதங்களை மேலும் கீழுமாகப் பத்து முறை அசைத்தல். ஒவ்வொரு முழங்காலையும் நீட்டி, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல மடக்குதல். தோள்களை முன்னும் பின்னுமாகச் சுழற்றுதல். மார்பக அறுவை செய்துகொண்ட தாய்மார்கள் கையை உயர்த்தும் பயிற்சியை மருத்துவர் குறித்த நாளில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும்.

இரண்டாம் படி, நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் அமர்தல். முதலில் கைப்பிடியை ஊன்றி எழலாம். ஐந்து முறை இயன்றால் போதும். பார்ப்பதற்கு எளிய பயிற்சி. ஆனால் தொடையின் பெருந்தசைகளுக்கு வலுவூட்டுவதில் இதற்கு நிகர் அரிது. கழிவறைக்குத் தாமே சென்று தாமே எழும் உரிமை இந்த ஒரு பயிற்சியில் அடங்கியிருக்கிறது.

மூன்றாம் படி, சன்னல் கம்பியைப் பற்றி நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல். வலுவூட்டும் பயிற்சிக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீர் நிறைந்த புட்டி ஏறக்குறைய அரைக் கிலோ எடை. அதனைக் கையிலேந்தி முழங்கையை மடக்கி நீட்டலாம்.

நான்காம் படி, நடை. முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. உடல் ஏற்றுக்கொண்டால் சில நாள்களுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். அளவு சரியா என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்கலாம். பேசவே மூச்சு திணறினால் வேகம் மிகுதி என்று பொருள்.

கொங்கு நாட்டின் காலைக் குளிர்ச்சி நடைக்கு ஏற்றது. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். நலமுள்ளோர்க்கு அது நல்ல இடமே. ஆயினும் சிகிச்சை பெறும் முதியவர் கூட்டம் மிகுந்த இடத்தைத் தவிர்ப்பதே நன்று. பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாள்களில் வீட்டு முற்றமும் மொட்டை மாடியும் வாசல் திண்ணையுமே போதும். பங்குனி, சித்திரை வெயிலில் காலை ஏழரைக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது.

விழாமல் நடப்பதே நடையின் முதற்பாடம். முனிவர்க்கு வகுக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி என்பதை நம் குழந்தைகளும் அறிவர். சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு முன்னுள்ள நிலத்தை நோக்கி, விரையாது, அடி பார்த்து வைப்பது அது. பாதம் மரத்த முதியவர்க்கு அந்த நடையே தம் உயிர்க்கும் காப்பாகிறது. வழியிலுள்ள கால்மிதியடிகளை அகற்றுங்கள். குளியலறையில் கைப்பிடி ஒன்று பொருத்துங்கள். பின்பக்கம் வாருள்ள செருப்பை அணிவியுங்கள்.

கோவையில் நாம் அறிந்த ஓர் இல்லத்தில் எழுபத்திரண்டு அகவைப் பெரியவர் ஒருவர் அறுவைக்குப் பின் கீமோதெரபி பெற்றுவந்தார். மூன்று வாரம் கட்டிலிலேயே இருந்ததால் மருத்துவர் அடுத்த தவணையைத் தள்ளிவைத்தார். இயன்முறை மருத்துவர் நாற்காலியில் அமர்ந்து எழச் சொன்னபோது, முதல் நாள் மகன் கைகொடுத்தும் இரண்டு முறைதான் எழ முடிந்தது. மருமகள் அன்றிலிருந்து குடிநீர்ச் செம்பைக் கட்டிலருகே வைப்பதை நிறுத்தினார். கூடத்து மேசையில் வைத்தார். தாகம் எடுக்கும்போதெல்லாம் பெரியவர் பன்னிரண்டு அடி நடந்தாக வேண்டும். "தண்ணீருக்குக்கூட நடக்க வைக்கிறாயே அம்மா" என்று முதலில் குறைப்பட்டுக்கொண்டார். ஆறாவது வாரம் தெருமுனை வேப்பமரம் வரை சென்று திரும்பினார். நின்ற தவணைகளும் தொடர்ந்தன. நோய் மறைந்ததென்று நாம் கூறவில்லை. குளிக்கவும் உடுக்கவும் பிறரை எதிர்பாராது வாழ்ந்தார். அதுவே அவர் விரும்பியது.

பாடம் 5: மனவளக்கலை பயின்றவர்களுக்கு

கொங்கு நாட்டில் முதியோர் பலர் எளியமுறை உடற்பயிற்சியை முன்பே அறிந்தவர்கள். பொள்ளாச்சிக்கு அருகே ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த முறை அது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபாதி, மகராசனம், உடல் தேய்த்தல், அழுத்தப் புள்ளிகள், உடல் தளர்த்தல் என்பன அதன் பகுதிகள். தெரிந்ததிலிருந்து தொடங்குக என்னும் நெறிப்படி, இதனை அறிந்தவர்க்கு இதுவே நல்ல தொடக்கம். ஆயினும் நலமுற்றோர்க்கு வகுத்ததைச் சிகிச்சைக் காலத்தில் அப்படியே செய்தலாகாது.

கைப்பயிற்சி, கண் பயிற்சி, மெல்லிய மூச்சுப் பயிற்சி, உடல் தளர்த்தல் ஆகியவை பெரும்பாலோர்க்கு ஏற்றவை. தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். வயிற்றில் அறுவை நடந்தவர் கபாலபாதியைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பில் நோயுள்ளவர் உடலை முறுக்கும் மகராசனத்தை அறவே விட வேண்டும். தட்டணு குறைந்தவர்க்கு அழுத்தம் தருவதும் அழுந்தத் தேய்ப்பதும் ஆகா. நம் மக்கள் கரண்ட் வைத்தல் என்று வழங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் இடத்தில் தேய்த்தலோ, மருத்துவர் சொல்லாத எண்ணெய் பூசுதலோ கூடாது. அப்பகுதியில் தளர்வான பருத்தி ஆடையே நன்று. எதைச் செய்வது எதை விடுவது என்பதை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாடம் 6: ஓய்வையும் பயில வேண்டும்

கட்டிலில் கிடப்பவர் ஓய்வெடுக்கிறார் என்று எண்ணுகிறோம். அவர் முகத்தை உற்று நோக்குங்கள். புருவம் நெரிந்திருக்கும், பல் கடித்திருக்கும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். சிகிச்சைச் செலவு, பேத்தியின் திருமணம், அடுத்த ஸ்கேன் என்று உள்ளம் ஓடிக்கொண்டிருக்கும். உடல் கிடக்கிறது, ஓயவில்லை. ஓய்வு என்பது பயின்று பெறவேண்டிய ஒரு திறன்.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929-இல் வெளியிட்ட நூலில் தசை தளர்த்தும் முறை ஒன்றை விளக்கினார். இறுக்கத்தை உணர்ந்தவரே தளர்வை உணர்வார் என்பது அதன் அடிப்படை. இன்று புற்றுநோய் மருத்துவமனைகள் பலவற்றில் கற்பிக்கப்படுவது இம்முறையின் எளிய வடிவமே. மல்லாந்து படுத்தோ சாய்ந்து அமர்ந்தோ, வலக்கை விரல்களை மூடி ஐந்து எண்ணும்வரை மென்மையாக இறுக்குக. பின்னர் விட்டுவிட்டு, பதினைந்து எண்ணும்வரை அந்தக் கை கனத்துத் தளர்வதைக் கவனிக்க. அடுத்து இடக்கை, தோள், முகம், வயிறு, தொடை, பாதம் என வரிசையாகச் செல்க. அறுவை நடந்த இடத்தையும் வலியுள்ள இடத்தையும் இறுக்க வேண்டா. அங்கே தளர்வை மட்டும் எண்ணினால் போதும். மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகும்.

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. நம் ஆறு ஆவசியகங்களுள் ஒன்று காயோத்சர்க்கம். உடல் எனது என்னும் பற்றை விட்டு அசைவற்று நிற்றல் அது. பாகுபலி சுவாமியின் திருவுருவம் காட்டும் நிலையும் அதுவே. ஆசார்ய மகாப்ரக்ஞர் 1970-களில் வகுத்த பிரேக்ஷா தியானத்தில், உடலை உறுப்புறுப்பாகத் தளர்த்தும் பயிற்சியாக இந்தக் காயோத்சர்க்கம் இடம் பெற்றுள்ளது. நிற்க இயலாதவர் அமர்ந்தோ படுத்தோ இதனைச் செய்யலாம். அறத்தின் நோக்கில் இதன் பயன் வேறு; உடல்நலத்தின் நோக்கில் பயன் வேறு. இரண்டையும் குழப்ப வேண்டா. எனினும் நாள்தோறும் சாமாயிகத்தில் அமர்ந்து பழகிய முதியவர்க்குத் தளர்வுப் பயிற்சி எளிதில் கைவரும் என்பது நாம் கண்டறிந்த உண்மை.

ஆய்வுகளும் இவ்வகைப் பயிற்சிகளின் பயனைக் காட்டுகின்றன. பெங்களூரில் கீமோதெரபி பெற்ற மார்பகப் புற்றுநோயாளரிடையே நடைபெற்ற யோகப் பயிற்சி ஆய்வு 2007-இல் வெளியாயிற்று. பயிற்சி செய்தவர்க்குக் குமட்டலும் கவலையும் குறைந்திருந்தன. சிகிச்சை முடித்தும் உறக்கமின்றி வருந்திய 410 பேரிடம் அமெரிக்காவில் நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வில், நான்கு வார மென்மையான யோகமும் மூச்சுப் பயிற்சியும் உறக்கத்தைச் சீர்ப்படுத்தின.

பாடம் 7: உணவும் நோன்பும்

அசைவால் தசை வளர வேண்டுமாயின் புரதம் வேண்டும். புற்றுநோயாளர்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், இயன்றால் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது ஊட்டச்சத்து வல்லுநர் கணக்கு. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 முதல் 75 கிராம். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பு, பாசிப்பயறு, துவரை, கடலை, பால், தயிர் ஆகியவற்றைச் சிறு சிறு அளவாக ஐந்தாறு வேளை தரலாம். வெள்ளணு குறைந்த நாள்களில் முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தராமல் வேகவைத்தே தருக. நீரை வடிகட்டிக் காய்ச்சி அருந்தும் நம் வழக்கம் இந்நாள்களில் பெருந்துணை.

இரவுணவு தவிர்த்தலும் நோன்பும் நம் முதியோரின் உயிர்மூச்சு. அவற்றைக் கைவிடுக என்று எவரும் வற்புறுத்த வேண்டியதில்லை. மருந்து உட்கொள்ளும் நேரத்தைப் பகலுக்குள் அமைக்க இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பல மருந்துகளுக்கு அது இயலும். ஆனால் சிகிச்சைக் காலத்தில் முழுநாள் உபவாசம் மேற்கொள்வதை மருத்துவருக்குச் சொல்லாமல் மறைக்க வேண்டா. தம் ஆற்றலுக்கு ஏற்பவே தவம் செய்க என்பது நம் அறநெறி. உடல் நலிந்த காலத்தில் நாவின் சுவையை அடக்குவதும் சினத்தை அடக்குவதும் போதிய தவமே.

பாடம் 8: குடும்பத்தார் கடமை

நோயுற்றோர்க்குச் செய்யும் பணிவிடையை வையாவிருத்தியம் எனப் பெயரிட்டு, அகத்தவங்களுள் ஒன்றாக வைத்தது நம் சமயம். அப்பணி கட்டிலருகே அனைத்தையும் கொண்டு சேர்ப்பதோடு முடிவதன்று. அவருடைய வலிமையை அவருக்கே மீட்டுத் தருவதும் அப்பணியே. முன்பு கண்ட ஆய்வில் எழுவரைக் காத்தது கையேடு அன்று, உடனிருந்த பயிற்றுநர். நம் இல்லங்களில் அந்தப் பயிற்றுநர் மகளாகவோ பேரனாகவோ இருக்கலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நாள், நடந்த நிமிடம், சோர்வின் அளவு (0 முதல் 10 வரை), உறக்கம், உடல் வெப்பம் என்று ஐந்து கட்டங்கள் இடுங்கள். நாள்தோறும் பேரப்பிள்ளை எழுதட்டும். தவணைக்குச் செல்லும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். சோர்வு மிகுந்த நாளில் நிமிடம் குறைந்தால் கடிந்துகொள்ள வேண்டா. மருந்து ஏற்றிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கட்டிலைச் சுற்றி நான்கு அடி நடந்தாலே அது முழு வருகையாகும். வற்புறுத்துவதும் இம்சையே. அழைப்பதும் உடன் நடப்பதுமே நம் பங்கு.

நோய் முதிர்ந்து குணம் காணும் காலம் கடந்தவர்க்கும் இப்பாடத்தில் இடமுண்டு. அவர்க்கு இலக்கு நிமிடக் கணக்கு அன்று. வலியடக்கும் மருந்தை முறையாகத் தந்து, நாற்காலியில் அமர்த்திச் சன்னலருகே காலை வெளிச்சம் காணச் செய்வதும், கை கால்களை மெல்ல நீட்டி மடக்கித் தருவதும், மூச்சோடு சேர்த்து மந்திரம் எண்ணத் துணையிருப்பதுமே போதும்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், புதிதாகத் தோன்றிய எலும்பு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகுக. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், கீமோதெரபி பெறுபவரை இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. காலை வரை காத்திருத்தல் ஆபத்து.

பயிற்சி வினாக்கள்

(குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து விடை காண்க.)

1. நம் இல்லத்து முதியவர் நேற்றுப் பகலில் எத்தனை மணி நேரம் படுத்திருந்தார்? அதில் எவ்வளவு அவர் விரும்பியது, எவ்வளவு நாம் விதித்தது?

2. அவர் தாமே செய்யக்கூடிய எந்த மூன்று வேலைகளை நாம் அன்பினால் அவரிடமிருந்து பறித்திருக்கிறோம்?

3. கட்டிலிலிருந்து கழிவறை வரை உள்ள வழியில் கால் தடுக்கக்கூடிய பொருள்கள் எவை?

4. அடுத்த தவணையில் மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஐந்து வினாக்களைப் பார்க்காமல் கூறுக.

5. வீட்டுப்பாடம்: இன்று மாலை அவருடன் ஐந்து நிமிடம் நடந்து, நோட்டில் முதல் வரியை எழுதுக.